நிற்கும் தாய், நீந்தும் பிள்ளை: மாணவன் டார்வின் கடலில் கண்டது என்ன?

1827 மார்ச் 27, செவ்வாய்க்கிழமை. எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்களின் பிளினியன் கழகம் கூடியது. திரு. டார்வின் தாம் கண்டறிந்த இரண்டு செய்திகளை அன்று தெரிவித்தார் என்று கழகத்தின் நடவடிக்கைக் குறிப்பேடு சொல்கிறது. ஒன்று, ஃப்ளஸ்ட்ரா என்ற கடலுயிரின் முட்டைகளுக்கு நகர்வதற்கான உறுப்புகள் உண்டு. இரண்டு, ஃபியூகஸ் லோரியஸ் என்ற கடற்பாசியின் இளம் பருவம் என்று எல்லோரும் தவறாக நினைத்துவந்த கறுப்பு உருண்டை, உண்மையில் பொன்டாப்டெல்லா மியூரிகேட்டா என்ற அட்டையின் முட்டை.

சார்லஸ் டார்வினுக்கு அப்போது 18 வயது. பின்னர் அவரை உலகைச் சுற்றி அழைத்துச்சென்ற பீகிள் கப்பலில் ஏறுவதற்கு இன்னும் நான்கரை ஆண்டுக்கு மேல் இருந்தது. அவர் அறிவியல் கூட்டம் ஒன்றில் எழுந்து சொன்ன முதல் கண்டுபிடிப்புகள் இவை. ஆனால் உயிரியல் படிக்காத ஒருவர் இந்த இரண்டு வரியைப் படித்தால் ‘அதனால் என்ன?’ என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் செடிகொடிகளுக்கு ‘நிலைத்திணை’ என்றும் விலங்குகளுக்கு ‘இயங்குதிணை’ என்றும் பெயருண்டு. ‘தாவரம்’ என்ற சொல்லுக்கே நிற்பது என்றுதான் பொருள். ‘தாவர சங்கமம்’ என்று பழைய நூல்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்லும். நிற்பது செடி, நகர்வது விலங்கு. தரையில் இந்தக் கணக்கு பெரும்பாலும் பிசகாது. கடலுக்குள் இறங்கினால் முதல் அடியிலேயே பிசகிவிடும். டார்வின் அன்று சொன்ன இரண்டும் இந்தக் கணக்கு பிசகும் இரண்டு இடங்கள், அதுவும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. முதலாவதில் தாய் நிற்கிறது, பிள்ளை நீந்துகிறது. இரண்டாவதில் தாய் நகர்கிறது, முட்டை செடிபோல ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மருத்துவ மாணவன் கடற்கரைக்கு வந்த கதை

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1825 அக்டோபரில் ஷ்ரூஸ்பரியிலிருந்து எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்க வந்தவர் டார்வின். மயக்க மருந்து இல்லாத காலம். அறுவை சிகிச்சைக்கு குளோரோஃபார்ம் வந்ததே 1847இல். இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பார்க்கப் போனார். அதில் ஒன்று ஒரு குழந்தைக்கு. இரண்டும் முடிவதற்குள் வெளியேறிவிட்டார். வகுப்புகளும் அலுத்துப்போயின. கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்று வந்த ஜான் எட்மன்ஸ்டன் என்பவரிடம் பறவையைப் பாடம்செய்யும் கலையைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார். மருத்துவப் பேராசிரியர்களிடம் கற்றதைவிட இது அவருக்குப் பின்னால் அதிகம் உதவியது என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாம் ஆண்டில் ராபர்ட் எட்மண்ட் கிரான்ட் அறிமுகமானார். மருத்துவப் பட்டம் பெற்றவர், டார்வினைவிட 15 வயதுக்கு மேல் மூத்தவர், பாரிஸ் சென்று படித்தவர், உயிரினங்கள் மாறிவந்தவை என்ற லாமார்க்கின் கருத்தை வெளிப்படையாகப் பாராட்டியவர். கடற்பஞ்சுகளில் சிறு துளைகள் வழியாக நீர் உள்ளே போய்ப் பெரிய துளை வழியாக வெளியேறுகிறது என்று காட்டியவரும் இவரே. ஃபோர்த் கழிமுகத்தின் கரையில், லீத், பிரஸ்டன்பான்ஸ் பக்கம், கடல் வற்றும் நேரம் பார்த்துப் பாறைகளில் தேடுவது அவருடைய வழக்கம். டார்வினும் கூடவே போகத் தொடங்கினார்.

அந்த மாதம் அவர் எழுதிய குறிப்பேடு இன்றும் இருக்கிறது. மார்ச் 16ஆம் தேதிக் குறிப்பில், லீத்தின் கரும்பாறைகளில் ஓதம் இறங்கியபோது சிக்கிக்கொண்ட ஒரு லம்ப் மீன் வருகிறது. முட்டையிட வந்த பெண் மீன். மூக்கிலிருந்து வால்வரை 23½ அங்குலம், சுற்றளவு 19½ அங்குலம். ரோஜா நிறத்தில் சினை நிறைந்திருந்தது. கிரான்ட்டோடு சேர்ந்து அதை அறுத்துப் பார்த்திருக்கிறார். அறுவைக் கூடத்திலிருந்து வெளியேறிய மாணவர் மீனின் சுற்றளவை அரை அங்குலம்வரை அளந்து எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.

ஃப்ளஸ்ட்ரா என்பது செடியா?

பார்த்தால் செடிதான். பிரிட்டன் கடற்கரைகளில் புயலுக்குப் பிறகு ஒதுங்கும் வெளிர் பழுப்புத் துண்டுகளைக் கையில் எடுத்தால், காய்ந்த பாசி என்றே யாரும் சொல்வார்கள். ஓரம் வளைந்து வளைந்து, காகிதம்போல மெல்லியதாக இருக்கும். 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸை வைத்துப் பார்த்தால் காகிதம் கட்டம் போட்ட நோட்டுத் தாளாக மாறும். ஒவ்வொரு கட்டமும் ஒரு சின்னப் பெட்டி. நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பெட்டிக்குள் ஒரு விலங்கு.

உயிரோடு இருக்கும்போது அந்தப் பெட்டியின் ஒரு முனையிலிருந்து புனல்போல ஒரு கொத்துக் கைகள் வெளியே வரும். தொட்டால் சட்டென்று உள்ளே போய்விடும். கைகள் நீரை உள்ளே தள்ளும், நீரோடு வரும் நுண்ணுயிர்கள் வாய்க்குள் போகும். குடல் ‘உ’ எழுத்தின் அடிவளைவுபோல மடங்கி மேலே வந்து, கைகளின் வளையத்துக்கு வெளியே முடியும். ஒரு பெட்டியிலிருந்து பக்கத்துப் பெட்டி மொட்டுவிட்டு வளரும். ஆயிரக்கணக்கான பெட்டிகள் சேர்ந்த குடியிருப்பைத்தான் நாம் ‘செடி’ என்கிறோம்.

இந்தக் கூட்டத்தின் இன்றைய பெயர் பிரையோசோவா. பாசி விலங்குகள் என்று பொருள். இந்தப் பெயரே 1831இல்தான் வந்தது. 1827இல் பவளம், கடற்பஞ்சு, ஹைட்ராவின் கடல் உறவினர்கள், ஃப்ளஸ்ட்ரா எல்லாவற்றையும் ‘சூஃபைட்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார்கள். ‘விலங்குச் செடி’ என்று பெயர்வைத்துவிட்டால் எது விலங்கு, எது செடி என்ற கேள்வியைத் தள்ளிப்போடலாம் அல்லவா? குடலுக்கு இரண்டு வாசலா, ஒரே வாசலா என்று பார்த்து இந்தச் சாக்கைப் பிரித்துக் கொட்டும் வேலை அடுத்த சில ஆண்டுகளில்தான் தொடங்கியது.

கடிகாரக் கண்ணாடியில் நடந்தது

எடின்பரோவை ஒட்டிய மீன்பிடி ஊர் நியூஹேவன். அங்கே சிப்பி வாரும் படகுகள் உண்டு. இரும்புச் சட்டத்தில் பை கட்டிக் கடலடியில் இழுப்பார்கள். சிப்பியோடு பையில் எதெது மாட்டுகிறதோ எல்லாம் மேலே வரும். மீனவர்களுக்கு வேண்டாத குப்பை மாணவருக்குப் புதையல். அந்தக் குப்பையிலிருந்துதான் ஃப்ளஸ்ட்ரா கார்பேசியா என்ற வகை டார்வினுக்குக் கிடைத்தது. இன்று அதன் பெயர் கார்பேசியா கார்பேசியா. மற்ற ஃப்ளஸ்ட்ராவில் பெட்டிகள் இலையின் இரு பக்கமும் இருக்கும். இதில் ஒரு பக்கம் மட்டும். ஒற்றை அடுக்கு என்பதால் உள்ளே இருப்பது எளிதில் தெரிந்துவிடும்.

நுண்ணோக்கி இல்லாமலே அவர் கண்ணில் முதலில் பட்டவை மஞ்சள் புள்ளிகள். இலையெங்கும் தூவினாற்போல இருந்தன. முட்டை வடிவம், முட்டையின் மஞ்சள் கரு நிறம், ஒரு பெட்டிக்கு ஒன்று. பெட்டிக்குள் இருக்கும்வரை அசைவே தெரியவில்லை. கடிகாரக் கண்ணாடியில் நீரோடு விட்டபோது, தானே இருக்க விட்டாலும் சரி, குலுக்கினாலும் சரி, அவை அங்குமிங்கும் வழுக்கிக்கொண்டு ஓடின. கொஞ்சம் தள்ளியிருந்து வெறுங்கண்ணால் பார்த்தாலே தெரியும் வேகம் என்று எழுதியிருக்கிறார்.

கடிகாரக் கண்ணாடி என்பது பழைய சட்டைப்பைக் கடிகாரத்தின் முகத்தை மூடும் குழிந்த வட்டக் கண்ணாடி. இதற்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. நடுவில் குழிவு இருப்பதால் நீர் சிந்தாது, ஆழம் குறைவு என்பதால் லென்ஸை அருகில் கொண்டுபோகலாம், ஒளி அடியிலிருந்து நேராக வரும். இன்றும் ஆய்வகங்களில் அதே பெயரில் இருக்கிறது.

‘இருக்க விட்டாலும்’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நீரில் மிதக்கும் தூசியும் நகரும். மேசை அதிர்ந்தால் நகரும், நீர் ஆவியாகும்போது ஓரத்தை நோக்கி நகரும், விளக்கின் சூட்டில் நீர் சுழன்றால் அதோடு சுழலும். ஆகவே ‘நகர்கிறது’ என்று சொல்வது போதாது, ‘தானாக நகர்கிறது’ என்று காட்ட வேண்டும். நீர் அசையாமல் கிடக்கும்போதும் ஓடினால், பக்கத்தில் இருக்கும் தூசி ஒரு பக்கம் போக இது வேறு பக்கம் திரும்பினால், அதற்கென்று உறுப்பு இருந்தாக வேண்டும்.

அந்த உறுப்பு: குறு இழை

பள்ளிப் பாடநூலில் பாரமீசியத்தைச் சுற்றிக் கண்ணிமை முடிபோல வரைந்திருப்பார்களே, அதுதான். சிலியா என்றும் சொல்வார்கள். ஓர் இழையின் தடிமன் சுமார் 0.25 மைக்ரான், அதாவது நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ 300இல் ஒரு பங்கு. நொடிக்குப் பத்து, இருபது முறை அடிக்கும். எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பதால், நெல்வயலில் காற்று வீசும்போது ஓடும் அலைபோல மேற்பரப்பில் ஓர் அலை ஓடும். இழையைத் தனித்தனியாகப் பார்க்க முடியாதவருக்கும் இந்த அலை ஒரு மினுமினுப்பாகத் தெரியும்.

டார்வினிடம் இருந்தது மட்டமான நுண்ணோக்கி என்று அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில் நொந்துகொள்கிறார். முறையாக அறுத்துப் பழகவில்லை என்ற குறையும் அவருக்கு உண்டு. அந்தக் காலத்து நுண்ணோக்கிகளின் சிக்கல் என்ன என்று தெரிந்தால் இந்தக் குறைபாட்டின் அளவு புரியும். ஒரே லென்ஸ் உள்ளவை, பல லென்ஸ் உள்ளவை என இரண்டு வகை. பல லென்ஸ் கருவியில் பொருளின் ஓரமெல்லாம் வானவில் நிறம் படரும், 0.25 மைக்ரான் இழை அந்த நிறத்தில் கரைந்துபோகும். ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் இதைச் சரிசெய்யும் வழியை வெளியிட்டது 1830இல். ஒற்றை லென்ஸில் நிறத்தொல்லை குறைவு, படம் தெளிவு. ஆனால் அதற்கு வேறொரு விலை உண்டு.

கணக்கு எளிது. லென்ஸின் குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு 250ஐ அதால் வகுத்தால் எத்தனை மடங்கு பெருக்கும் என்று தெரியும். 25 மில்லிமீட்டர் லென்ஸ் 10 மடங்கு. 6 மில்லிமீட்டர் லென்ஸ் 40 மடங்கைத் தாண்டும். ஆனால் அந்த 6 மில்லிமீட்டர் லென்ஸை நீருக்கு 6 மில்லிமீட்டர் அருகில் பிடிக்க வேண்டும். கை நடுங்கினால் லென்ஸ் உப்புநீரில் முங்கும். பார்வை வட்டமும் சிறுத்துவிடும். ஓடுகிற பொருள் ஒரு நொடியில் வட்டத்தைவிட்டு வெளியேறிவிடும். முதலில் குறைந்த பெருக்கத்தில் தேடிப் பிடித்து, வேகம் குறைந்ததும் பெருக்கத்தைக் கூட்டுவதுதான் இன்றும் வழி. டார்வின் பீகிள் பயணத்துக்குக் கிளம்பும்போது, தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனின் யோசனைப்படி, பாங்க்ஸ் நிறுவனம் செய்த ஒற்றை லென்ஸ் நுண்ணோக்கியைத்தான் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தவறாகச் சொன்னது

ஃப்ளஸ்ட்ராவின் ‘முட்டை’ நீந்துகிறது என்றார். முட்டை நீந்தாது. அவர் பார்த்தது லார்வா. தாயின் உடலுக்குள்ளேயே கருவுற்று, அங்கேயே வளர்ந்து, நீந்தும் பருவத்தில் வெளியே வரும் குஞ்சு. முதுமையில் எழுதியபோது ‘முட்டை என்று சொல்லப்பட்டவை, உண்மையில் லார்வாக்கள்’ என்று அவரே திருத்திக்கொண்டார்.

ஆனால் 1827இல் இதைத் தவறென்று சொல்ல யாருக்கும் வழியில்லை. உடல் என்பது செல்களால் ஆனது என்ற கொள்கை உருவானது 1838, 1839 வாக்கில். பாலூட்டிகளின் கருமுட்டையை விலங்கியலாளர் ஃபான் பேர் கண்டறிந்து வெளியிட்டதே அதே 1827இல். தாயிடமிருந்து பிரிந்து, தாயாக வளரப்போகிற எந்தச் சின்ன உருண்டைக்கும் ‘ஓவம்’ என்றுதான் பெயர். முட்டை, கரு, லார்வா என்ற வரிசை இன்னும் பிரிக்கப்படவில்லை.

இந்த வகை லார்வாவுக்குக் குடல் கிடையாது. தாய் கட்டிக் கொடுத்த சோறுதான்: அந்த மஞ்சள் நிறமே சேமித்துவைத்த கருவுணவின் நிறம். அது தீர்வதற்குள், பெரும்பாலும் சில மணி நேரத்தில், ஒட்ட இடம் தேடியாக வேண்டும். இடம் கிடைத்ததும் ஒட்டிக்கொண்டு, நீந்தும் உடலை உள்ளுக்குள் கரைத்துவிட்டு, முதல் பெட்டியாக மாறும். அந்த ஒரு பெட்டியிலிருந்து முழு இலையும் மொட்டுவிட்டு வளரும். பாறையைவிட்டு நகர முடியாத ஒரு விலங்கு புதுப் பாறைக்குப் போக இந்தச் சில மணி நேரம்தான் வாய்ப்பு.

லாமார்க், குவியே, லாமுரு ஆகிய பிரெஞ்சு இயற்கையியலாளர்கள் உட்பட எவரும் ஃப்ளஸ்ட்ராவின் முட்டைக்கு நகரும் உறுப்பு இருப்பதைக் கண்டதாகத் தெரியவில்லை என்று டார்வின் குறித்துவைத்தார். அதற்கு அடுத்து அவர் எழுதியது எனக்கு முக்கியமாகப் படுகிறது: இது முதல் பார்வைக்குச் சிறிய செய்தியாகத் தோன்றலாம், ஆனால் ஏற்கெனவே உள்ள பல எடுத்துக்காட்டுகளோடு இன்னொன்றைச் சேர்ப்பதால், எல்லா சூஃபைட்களின் முட்டைகளும் தாமாக நகரும் என்ற விதியைப் பொதுமையாக்க உதவும். கிரான்ட் ஏற்கெனவே கடற்பஞ்சிலும் கேம்பனுலேரியா, கோர்கோனியா போன்ற சூஃபைட்களிலும் இதையே கண்டிருந்தார். மாணவர் ஒரு புதுப்பொருளைக் கண்டதாகக் குதிக்கவில்லை. எந்த வரிசையில் இதை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மிளகுபோல ஓர் உருண்டை

இரண்டாவது கண்டுபிடிப்புக்கு நுண்ணோக்கி தேவையே இல்லை. ஒரு சிறு கத்தியும் பொறுமையும் போதும்.

பழைய சிப்பி ஓடுகளில் கறுப்பாக, உருண்டையாக, குட்டைக் காம்போடு சில ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதி மீனவர்கள் இவற்றைப் ‘பெரிய மிளகு’ என்று அழைத்ததாக டார்வின் எழுதுகிறார். பெயர் கச்சிதம். பாசியறிந்தவர்கள் இதை ஃபியூகஸ் லோரியஸின் குட்டி என்று வைத்திருந்தார்கள். அந்தத் தவற்றுக்கும் காரணம் இருந்தது. இன்று ஹிமான்தாலியா என்று பெயர்பெற்ற அந்தப் பாசி, தொடக்கத்தில் பாறைமேல் குட்டைக் காம்போடு ஒரு சின்ன உருண்டையாகத்தான் முளைக்கும். பிறகு உருண்டை தட்டையாகிச் சட்டைப் பொத்தான்போல ஆகும், பொத்தானின் நடுவிலிருந்து நீண்ட வார்கள் வளரும். முதல் பருவத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்த மிளகும் அதுவும் ஒன்றாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

டார்வின் உருண்டையைத் திறந்து பார்த்தார். உள்ளே புழு. ஒரே பருவத்தை மட்டும் பார்த்து நிற்கவில்லை என்பதுதான் இதன் பலம்: வெவ்வேறு முதிர்ச்சியில் இருந்த உருண்டைகளைச் சேர்த்து, உள்ளே இருப்பது வளர்ந்து எதுவாகிறது என்று பார்த்தார். பாதி வளர்ந்ததை மட்டும் பார்த்தால் ‘ஏதோ ஒரு புழு பாசிக்குள் புகுந்துவிட்டது’ என்றும் சொல்லிவிடலாம். வரிசையாகப் பார்க்கும்போது அந்த வாதம் நிற்காது.

அந்தப் புழு பொன்டாப்டெல்லா மியூரிகேட்டா. இங்கே ஓர் எச்சரிக்கை. நம் மீனவர்கள் ‘கடல் அட்டை’ என்பது வேறு விலங்கு. அது நட்சத்திர மீனின் உறவு, ரத்தம் குடிக்காது. பொன்டாப்டெல்லா வயல் அட்டையின் உறவான நிஜ அட்டை. கடலில் வாழ்ந்து திருக்கை இன மீன்களின் உடலில் ஒட்டி ரத்தம் குடிப்பது. உடலெங்கும் பரு பருவாக இருக்கும், இரு முனையிலும் ஒட்டுறிஞ்சி உண்டு.

முட்டையிடும் காலத்தில் அது மீனைவிட்டு இறங்குகிறது. உடலின் ஒரு பகுதியில் சுரக்கும் பசையால் முட்டைக்குக் கூடு கட்டி, காலி ஓட்டில் ஒட்டிவைக்கிறது. பசை கெட்டிப்பட்டுத் தோல்போல ஆகிறது. ஒரு கூட்டுக்குள் ஒரு குஞ்சு. இதன் லார்வா நீந்திப் பரவ வேண்டிய தேவை இல்லை. மீனே ஏற்றிக்கொண்டு போகும். அதனால் முட்டை நிற்கலாம்.

உரிமை யாருக்கு?

இது கொஞ்சம் கசப்பான பகுதி. பிளினியன் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 24 அன்று, வெர்னேரியன் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் கிரான்ட் ஃப்ளஸ்ட்ரா பற்றியும் அந்த அட்டையின் முட்டைகள் பற்றியும் கட்டுரை வாசித்துவிட்டார். அது பெரியவர்களின் கழகம். மாணவர்கள் உறுப்பினராக முடியாது. பின்னர் அச்சில் வந்தபோது, அந்த உருண்டைகள் அட்டைக்குரியவை என்று முதலில் உறுதிசெய்த பெருமை, ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த தன் ஆர்வமுள்ள இளம் நண்பர் திரு. சார்லஸ் டார்வினைச் சேரும் என்று எழுதினார். டார்வினின் பெயர் அச்சேறிய மிக முந்தைய இடங்களில் இது ஒன்று. ஆனால் ஃப்ளஸ்ட்ரா கட்டுரையில் டார்வின் பெயர் இல்லை.

ஃப்ளஸ்ட்ராவில் கண்டதைச் சொல்ல கிரான்ட்டிடம் ஓடியதாகவும், மகிழ்வார் என்று எதிர்பார்த்த இடத்தில், ‘என் துறையில் நீ வேலைசெய்வது முறையல்ல, வெளியிட்டால் தவறாக எடுத்துக்கொள்வேன்’ என்ற பொருளில் பதில் வந்ததாகவும் டார்வின் பிற்காலத்தில் சொன்னதை மகள் ஹென்ரியட்டா குறித்துவைத்திருக்கிறார். அறிவியலாளர்களின் பொறாமையை முதன்முதலில் அறிந்தது அன்றுதானாம். கிரான்ட் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு: கேள்வி அவருடையது, முறை அவருடையது, எங்கே தேட வேண்டும் என்று காட்டியவரும் அவர். இருந்தாலும் பெயரை ஓர் இடத்தில் போட்டு இன்னோர் இடத்தில் விட்டது சரியென்று சொல்ல மனம் வரவில்லை.

டார்வின் அடுத்த மாதமே எடின்பரோவைவிட்டுப் போனார். கிரான்ட்டும் அதே ஆண்டு லண்டன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். கடலில் தேடும் பழக்கம் மட்டும் டார்வினைவிட்டுப் போகவில்லை. 1832 ஜனவரியில் பீகிள் கப்பலின் பின்னால் நான்கு அடி ஆழமுள்ள துணிப்பையை அரைவட்டச் சட்டத்தில் கட்டி இழுத்து, மிதக்கும் நுண்ணுயிர்களை அள்ளிப் பார்த்தவர் அவர். 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டு கொட்டலசு எனப்படும் பார்னக்கிளோடு போராடியதும் இதே கதைதான். வளர்ந்த கொட்டலசு பாறையில் ஒட்டிய சிப்பிபோல இருக்கும். குவியே அதைச் சிப்பிகளோடு சேர்த்திருந்தார். நீந்தும் லார்வாவைப் பார்த்த பிறகுதான் அது இறால், நண்டின் உறவு என்று தெரிந்தது.

நீங்களே பார்க்க

ஃப்ளஸ்ட்ரா குளிர்கடல் உயிரி, இங்கே கிடைக்காது. அதன் உறவினர் புகுலா நெரிட்டினா வெப்பக் கடல் துறைமுகங்களில் உலகெங்கும் உண்டு, இந்தியத் துறைமுகங்களிலும் உண்டு. மிதவை, கயிறு, படகின் அடி ஆகியவற்றில் செம்பழுப்பு நிறத்தில் புதர்போல ஒட்டியிருக்கும். யாரைக் கேட்டாலும் பாசி என்பார்கள். துறைமுகத்தில் எடுக்க அனுமதி வேண்டும். கரைக்கு ஏற்றிய படகின் அடியைச் சுரண்டும்போது கேட்டு வாங்குவதே எளிது. ஆனால் வெயிலில் காய்வதற்குள் வாங்க வேண்டும். காய்ந்துவிட்டால் லார்வா வராது.

விரல் நீளமுள்ள மூன்று நான்கு கொத்து போதும். அதே இடத்துக் கடல்நீரை மெல்லிய துணியில் வடிகட்டி ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்நீர் ஒரு கரண்டிகூடச் சேரக் கூடாது. பாத்திரத்தில் சோப்பு வாசனைகூட இருக்கக் கூடாது. பலருக்கு முதல் முறை எதுவும் வராமல் போவதற்கு இதுவே காரணம். கொத்துகளை நீரில் போட்டு, கறுப்புத் துணியால் மூடி, இரவு முழுக்க இருட்டில் வையுங்கள். நிறைய அடைத்தால் நீரில் ஆக்சிஜன் தீர்ந்து கொத்தே அழுகிவிடும். காலையில் துணியை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் சூடேறாத எல்இடி விளக்கை வையுங்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததும் லார்வாக்கள் வெளியேறும்; பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் விளக்கு இருக்கும் பக்கம் கரும்புள்ளிகளாகக் கூடியிருப்பதைக் காணலாம். ஒவ்வொன்றும் மணல் துகள் அளவுதான்.

அகன்ற வாயுள்ள சொட்டியால் பத்து லார்வாவைக் குழிந்த கண்ணாடியில் எடுத்துக்கொண்டு, சிட்டிகை சாக்பீஸ் தூளை நீரில் கலந்து ஒரு துளி விடுங்கள். தூள் நீரோட்டத்தோடு போகும். லார்வா அதை வெட்டிக்கொண்டு போகும், சுழலும், திரும்பும். லார்வாவை ஒட்டிய தூள் துகள்கள் மட்டும் பின்னால் வீசியெறியப்படும். அதுதான் குறு இழைகளின் வேலை. நுண்ணோக்கி இருந்தால் 100 மடங்கில் ஓரத்தில் ஓடும் மினுமினுப்பு தெரியும். விளக்கைக் கண்ணாடிக்கு மிக அருகில் வைத்தால் நீர் சூடாகிப் பத்து நிமிடத்தில் எல்லாம் நின்றுபோகும். நீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பு ஏறும், மூடிவையுங்கள்.

சில மணி நேரத்தில் அவை விளக்கை விட்டு நிழல் பக்கம் திரும்பும், வேகம் குறையும், கண்ணாடியின் அடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். பிறகு ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும். அதற்குமேல் சொட்டியால் உறிஞ்சினாலும் வராது, கீறினால் கிழியும். நீரை மெதுவாக மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டொரு நாளில் ஒட்டிய இடத்தில் ஒரு சின்னக் குப்பி எழுந்து நிற்கும், அதன் வாயிலிருந்து ஒரு கொத்துக் கைகள் விரியும்.